தையல்கார அம்மா நீட்டிய கை

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் அக்காவும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய், அதனால் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்கிறேன். கூடத்து மின்விசிறி லேசாகச் சத்தம் போடுகிறது என்று அப்பா கழற்றினார், பத்து நாளாக அது தரையில் அக்கு வேறு ஆணி வேறாகக் கிடக்கிறது, கேட்டால் எதையும் முழுசாப் பார்த்துடணும் என்கிறார், நாங்கள் வியர்த்து வழிகிறோம்.

போன வாரம் போனில், யார் வந்தாலும் எல்லா டெஸ்ட்டையும் எழுதிடுறேம்மா, அப்புறம் பெரிய டாக்டர் எதையும் விட்டுட்டேன்னு சொல்லவே முடியாது என்றாய். கெட்டிக்காரன்டா நீ என்றேன். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வார்டில் ஒரு தையல்கார அம்மா நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாகச் சேர்ந்தார். உன்னைப் போலப் பயிற்சியில் இருக்கும் ஒரு டாக்டர் பிள்ளை, பயந்த சுபாவம், முதல் நாளே ரத்தப் பரிசோதனைச் சீட்டில் தினமும் என்று எழுதிவிட்டது. நாலாம் நாள் காய்ச்சல் விட்டது, சீட்டை யாரும் நிறுத்தவில்லை. ரத்தம் எடுப்பவள் நான்தானே, பதினான்கு நாள் காலையில் போய்க் குத்தினேன், இரண்டு கையும் கன்றிப்போய் அந்த அம்மாவால் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. ஒருநாள் அவர், தினமும் எடுக்கறீங்களே, இதை யாராவது பார்க்கறாங்களா என்று கேட்டார். எழுதியிருக்காங்க, எடுக்கறேன் என்றேன். யாரும் பார்ப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், நமக்கேன் வம்பு என்று வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் அவருக்கு ரத்தம் குறைந்து தலைசுற்றியது. ஏன் குறைகிறது என்று கண்டுபிடிக்க இன்னும் நாலு குழாய் ரத்தம் எடுக்க எழுதினார்கள், அதையும் நானே எடுத்தேன். எங்கள் பெரிய டாக்டர் அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு, ரத்தம் எங்க போகுதுன்னா தேடறீங்க, நாமதானே எடுத்துட்டு இருக்கோம் என்றார். அந்தப் பிள்ளை அழுதுவிட்டது. எனக்கு உன் முகம்தான் தெரிந்தது.

சின்ன வயசிலிருந்தே இன்னொரு தடவை பார், இன்னொரு தடவை பார் என்று சொல்லிச் சொல்லி உனக்குள் பயத்தை வைத்தவள் நான்தான் கண்ணா. தேவையானதை எழுது, வேண்டாம் என்று யார் சொல்வது? ஆனால் எழுதும்முன், இதில் என்ன வந்தால் நான் என்ன மாற்றிச் செய்வேன் என்று உன்னையே கேள். ரத்தம் எடுக்கிறவள் வந்து இது எதுக்கு சார் என்றால் கோபித்துக்கொள்ளாதே.

நேற்று அந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பினார். மன்னிப்புக் கேட்கலாம் என்று ஊசியும் குழாயும் இல்லாமல் வெறும் கையோடு போனேன். என்னைக் கண்டதும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கையை நீட்டினார். அன்றும் ரத்தம் எடுக்கத்தான் வந்தேன் என்று நினைத்துவிட்டார்; சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பினேன்.

நீ நூறு வயசு நன்றாக இரு, உன் கைபட்டவர்களும் நன்றாக இருக்கட்டும். கடிதம் கிடைத்ததும் எனக்குப் போன் பண்ண வேண்டாம். முதலில் வார்டுக்குப் போய், தினமும் என்று நீ எழுதிய சீட்டுகளை எடுத்துப் பார்.

கேட்காமல் இருந்துவிட்ட
உன் அம்மா