மணல் மூட்டை என்று சொல்லிவிட்டார்கள்

12.3.1961

பழைய துரையின் பந்தயக் காரை வாங்கிய கொழும்பு மனிதர் இன்று எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். அது எந்தெந்த மலைப் பந்தயத்தில் ஓடியது, யார் யார் ஓட்டினார்கள் என்று விசாரிக்கிறார். கூரையையும் கதவுகளையும் வெட்டியெடுத்து அதில் லாரி எஞ்சினைப் பூட்டியவன் நான். பதில் சொன்னதோ தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர்.

காரின் பின்னால் இரும்புத் தட்டு எதற்கு என்று அவர் கேட்டார்.

"மழையில பின்சக்கரம் வழுக்குமுங்க. பாரத்துக்கு மணல் மூட்டை வைப்போம்," என்றார் கிளாக்கர்.

எந்த மூட்டை? என் தம்பி செபமாலைதான் அந்தத் தட்டில் குந்தியிருந்தான். வளைவுகளில் சக்கரம் பிடிப்பதற்காக எழும்பி எழும்பிக் குதிப்பான். கடைசிப் பந்தயத்தில் தூக்கியெறியப்பட்டு முட்டி உடைந்தது. அவனை ஏறச் சொன்னதே இந்தக் கிளாக்கர்.

"மூட்டைக்கு முட்டி ஒடையுமாங்க?" என்று கேட்டுவிட்டேன். தம்பியைக் கூட்டிவந்து அவர்கள் முன்னால் நிறுத்தினேன். நொண்டிக்கொண்டே வந்தவன் தலைகுனிந்து, "மூட்டைதாங்க," என்றான்.

லயத்து வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவனைத் திட்டினேன்.

"கத்தாதீங்கண்ணே. மகனுக்கு இப்பதான் கிளாக்கரய்யா தேயிலை ஸ்டோர்ல வேலைக்குப் பேர் பதிஞ்சிருக்காரு," என்றான்.

இது என்ன நியாயம்? ஒரு வண்டிக்கு வரலாறு தேடுகிறார்கள், அதில் முட்டியை உடைத்துக்கொண்டவன் மணலாம்! அந்த மனிதர் நாளை வரை நுவரெலியாவில்தான் இருப்பாராம். முதல் பஸ்ஸில் போய் உள்ளதைச் சொல்லப் போகிறேன். தம்பி என்னோடு பேசாவிட்டாலும் சரி. அவன் மகனை வேலையிலிருந்து நிறுத்தினால் நிறுத்தட்டும், பார்க்கலாம். அந்தப் பையனின் பெண்சாதி வேறு மாசமாக இருக்கிறாள்.

வெள்ளைச் சட்டையை எடுத்து வெளியே வைத்திருக்கிறேன்.