ஜானு மாமிக்கு ஒரு வாசகி

மயிலாப்பூர்,
6-12-98

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம், நலம், குளிர் எப்படி? மரியாதை முடிந்தது, இனி விஷயம். உன் தம்பி இப்போது அமெரிக்கக் குடித்தன நிபுணர்! லஸ் கார்னரில் பிரௌசிங் சென்டர் திறந்திருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்து இணையத்தில் 'ஜானு மாமி பதில்கள்' என்று ஒரு பக்கம் நடத்துகிறேன். மாமிக்கு வயது அறுபது, அமெரிக்காவில் முப்பது வருஷம். தாம்பரம் தாண்டாத எனக்கு டெக்சாஸிலிருந்து கேள்வி வருகிறது: மாவு பொங்கவில்லை, மாமியார் மட்டும் பொங்குகிறார், என்ன செய்ய? 'மாவை அடுப்புப் பக்கம் வை, மாமியாரை விமானத்தில் வை' என்றேன். ஒரே புகழ்! அத்திம்பேருக்கும் காட்டு.

உன் கடிதம் ஏன் எப்போதும் ஐந்தே வரி? அப்பா கூடத்தில் உரக்கப் படித்து முடித்த பிறகும் காபி ஆறுவதில்லை.

வால் மட்டும் இல்லாத தம்பி,
சாய்நாத்

*

எடிசன், நியூ ஜெர்சி,
28-12-98

அன்புள்ள சாய்க்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். பனி கொட்டுகிறது, அழகாக இருக்கிறது. உன் கடிதத்தை அத்திம்பேர் படித்தார், சிரித்தார். புத்தகம் எடுக்கப் போனபோது நூலகக் கம்ப்யூட்டரில் மாமியைப் பார்த்தேன், எத்தனை பேர் நம்புகிறார்கள்! அப்பா, அம்மாவுக்கு நமஸ்காரம்.

மதுவந்தி

*

மின்னஞ்சல், 7-1-99
பெறுநர்: ஜானு மாமி

மாமிக்கு,

என் கணவர் ஆபீஸ் போகும்போது தொலைபேசியைக் கழற்றிக் காரில் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். எதிர்த்துப் பேசினால் வீட்டுக்கு அடியில் பேஸ்மென்ட்டில் வைத்துப் பூட்டுகிறார். வீட்டுக்கு நான் எழுதும் கடிதத்தை அவர் படித்த பிறகுதான் ஒட்ட முடியும். வியாழக்கிழமை மட்டும் நூலகத்தில் ஒரு மணி நேரம் விடுவார்.

சின்ன வயதில் என் தம்பி என்னை மொட்டை மாடியில் விட்டுப் பூட்டுவான். ஒரு பாட்டு பாடினால் திறந்துவிடுவான். இவர், நான் பாடினாலும் திறப்பதில்லை. என் அப்பாவிடம் யாராவது நேரில் சொல்ல வேண்டும்.

ஒரு வாசகி

*

மயிலாப்பூர்,
10-1-99

பலே அக்கா!

மொட்டை மாடி என்றதுமே நீதான் என்று பிடித்துவிட்டேன். ஏப்ரல் ஒன்றாம் தேதி உப்புக் காபி கொடுத்து எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுத் தந்தவளாயிற்றே! தொலைபேசியைக் காரில் எடுத்துப் போவதெல்லாம் ஏ-ஒன் கற்பனை. மொட்டை மாடியை மட்டும் வெட்டிவிட்டு அப்படியே மாமி பக்கத்தில் போட்டேன். மாமி பதில்: 'போன் போனால் போகட்டும், புருஷனையும் சேர்த்துக் கழற்று.'

நாற்பது பேர் எழுதிவிட்டார்கள். ஜமீலுன்னிசா என்று ஒரு வாசகி, உன் ஊர்தான், 'அந்தப் பெண் எங்கே இருக்கிறாள்? நானே போய்க் கூட்டி வருகிறேன்' என்கிறாள். பாவம்! இதே மாதிரி இன்னொன்று எழுதி அனுப்பு.

நிபுணர் சாய்

*

எடிசன்,
2-2-99

அன்புள்ள சாய்க்கு,

உன் கடிதத்தை அத்திம்பேர் படித்தார். நாங்கள் இருவரும் சௌக்கியம். இனி நூலகத்துக்குப் போவதில்லை, வீட்டிலேயே நிறையப் புத்தகம் இருக்கிறது. பனி இன்னும் நிற்கவில்லை. அப்பா, அம்மாவுக்கு நமஸ்காரம்.

மதுவந்தி

*

மின்னஞ்சல், 20-2-99
பெறுநர்: ஒரு வாசகி

அக்கா,

நேற்று உன் பிறந்த நாள். இங்கே ராத்திரிச் சாப்பாடு முடிந்த நேரம், அங்கே பகல். அப்பா போன் செய்தார். அடித்துக்கொண்டே இருந்தது. "தூங்கறா போலிருக்கு" என்றாள் அம்மா. நான் ரிசீவரை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டேன். உன் போன் எந்தக் காரில் கிடக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நீ மாமிக்கு எழுதியதை அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன்.

"ஏண்டா, இதுவும் உன் மாமி கூத்தா? அக்கா ஆத்துக்காரரை வச்சா விளையாடறது?"

"சத்தியமா இல்லப்பா."

"நீ சத்தியம் பண்ணாத நாள் எது?"

கிழித்துப் போட்டுவிட்டார். உன் ஐந்து வரியை எடுத்து எனக்கே படித்துக் காட்டினார். "சௌக்கியம்னு அவளே எழுதியிருக்கா பார்."

ஊர் உலகம் நம்புகிற நிபுணரை ஆத்தில் ஒருவரும் நம்பவில்லை அக்கா.

பக்கத்தை அழித்துவிட்டேன். கடைசியாக ஜமீலுன்னிசாவுக்கு மட்டும் உன் முகவரியை எழுதி அனுப்பினேன். ஜானு மாமி என்றே கையெழுத்துப் போட்டேன். பதினாறு வயதுப் பையன் எழுதினால் அவளும் வரமாட்டாள். இன்னும் பதில் இல்லை.

இதை நீ படிக்கப் போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். என்றைக்காவது வாசலில் மணி அடித்தால், கீழே எந்த இருட்டில் இருந்தாலும், உரக்கப் பாடு.

சாய்