ஷூவுக்குள் ஆணி

செவ்வாய்க்கிழமை, இரவு.

என் வீடியோ கால் உடற்பயிற்சி வகுப்பில் இருக்கும் சர்க்கரை நோயாளிகளில் தினமும் அதிகம் நடப்பவர் முத்தியால்பேட்டை செல்வராசு. இன்று முதல்முறையாக நேரில் வந்தார். ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் முழுக்க ரத்தம். ஷூவின் அடியைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி உள்ளே நீட்டியிருந்தது.

"வலிக்கலியாண்ணே?"

"எங்க வலிக்குதும்மா? காலுதான் மரத்துப்போச்சே."

மூன்று மாதமாகத் திரையில் என்னத்தைப் பார்த்துக் கிழித்தேன்? அவர் முகத்தை. காலைக் காட்டச் சொன்னதே இல்லை.

டாக்டரிடம் காட்டிக் கட்டுப் போட்டு, ஆறும்வரை நடக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போதுதான் வகுப்பின் நடைக்கணக்கு ஆப்பைத் திறந்தேன். என்றோ நான் பதிவு செய்து வைத்த குரல் சாயங்காலம் தானாகவே அவருக்குப் போயிருக்கிறது: "இன்னிக்கு இன்னும் நடக்கலியே, கிளம்புங்க!"

அதற்குக் கீழே, அதைக் கேட்டபின் அவர் நடந்த கணக்கு: நாலாயிரம் அடி.