கேள்வியை யாரும் படிப்பதில்லை

ஜூன் 4

நாவலாசிரியை தன் நேர்காணலைத் திருத்தி அனுப்பிவிட்டார். ‘நான்’ வந்த இடமெல்லாம் அடித்து ‘நாம்’ என்று போட்டிருக்கிறார். தன்னடக்கமாம். “நான் என் மாமியாரோடு பேசுவதை நிறுத்தினேன்” என்று சொன்னது இப்போது “நாம் நம் மாமியாரோடு பேசுவதை நிறுத்தினோம்” என்றிருக்கிறது. ஊரே கூடி ஒரு கிழவியைத் தள்ளிவைத்த மாதிரி.

அப்படியே விட்டுவிட்டேன். பதில்கள் அவர்களுடையவை, அச்சுக்குப் போகுமுன் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், நீக்கலாம். எங்கள் பத்திரிகையின் வழக்கம் அது. கேள்விகள் பத்திரிகையினுடையவை, அவற்றில் அவர்கள் கைவைக்கக் கூடாது. கேட்டவள் பெயரும் போடுவதில்லை.

பதினைந்து வருடமாக அரசியல், சமூகம், அறம் என்று பேசுகிற எழுத்தாளர்களுக்கு எதிரே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். கழுத்துவலிக்கு மருத்துவர் சொன்ன காரணம் வேறு.

ஜூன் 9

ரேடியோ போன் செய்தாள். கல்லூரியில் என்னோடு படித்தவள். இப்போது பல்கலைக்கழகத்தில் சமூகவியல் விரிவுரையாளர். வாயை மூடினால் காது அடைத்துவிடும் என்று நினைப்பவள், அதனால் நாங்கள் வைத்த பெயர். எனக்கு அவள் வைத்தது பூனை, சத்தமே போடாததால். என் தட்டில் சோறு விழுந்த பிறகுதான் அவளுக்கு எனக்குப் போன் செய்ய ஞாபகம் வரும்.

விஷயம் இதுதான். பல்கலைக்கழகத்தின் பின்புறம் துப்புரவுத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளைப் போன வருடம் இடித்தார்கள். அந்த இடத்தில் ஒரு கலையரங்கம் எழும்பிவிட்டது. மாற்று வீடு தருவோம் என்ற வாக்குதான் எழும்பவில்லை. இவள் போன மாதம் தன் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போய் அந்த அரங்கத்துக்கு வெளியே புழுதியில் நிற்கவைத்துப் பாடம் எடுத்திருக்கிறாள். பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள். ஆகஸ்டில் விசாரணை. வேலையே போய்விடும் என்கிறாள், பொய்யாகத் தோன்றவில்லை.

“உனக்கு என்னைப் பிடிக்காதுன்னு தெரியும்டி. ஆனா நீ நியாயமான ஆளு. அதான் உன்கிட்ட சொல்றேன்.”

நான் மறுக்கவில்லை. இரண்டையுமே.

ஜூன் 10

ஒருத்தியை நியாயமானவள் என்று சொல்லிவிட்டால் பிறகு அவளிடம் வேறெதுவும் கேட்க வேண்டியதில்லை. நல்ல தந்திரம். காலையிலிருந்து வேலை ஓடவில்லை.

ஜூன் 17

அடுத்த நேர்காணலுக்காகப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். வீடிழந்தவர்களைப் பற்றி நான்கு நாவல் எழுதியவர். பல்கலைக்கழக ஆட்சிக்குழுவிலும் உறுப்பினர். அவருக்கு உயரமான நாற்காலி, எனக்குத் தாழ்ந்த சோபா. எழுத்தாளர்கள் வீடுகளில் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான். சமத்துவத்தைப் பற்றி அண்ணாந்து பார்த்துத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

“கெட்டவங்களால சமூகம் கெடுறதில்லம்மா. நல்லவங்க சௌகரியமா இருக்கறதாலதான் கெடுது” என்றார்.

“அப்போ சௌகரியமா இருக்கறது பாவமா சார்?”

“பாவம் இல்ல. ஆனா சௌகரியத்துக்கு ஒரு குணம் உண்டு. அது நம்மகிட்ட எதுவும் கேக்காது. கேக்காததாலயே நாம எல்லாத்தையும் குடுத்துடுவோம்.”

சந்தேகப் பிராணியான எனக்கே இது பிடித்திருந்தது.

கடைசியாக, எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டேன்: உங்களுக்குத் தைரியம் தவறிய இடம் உண்டா? இதற்கு அநேகமாக எல்லோரும் சின்ன வயதில் பாம்பைப் பார்த்த கதை சொல்வார்கள். இவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“போன மாசம். அந்த சமூகவியல் அம்மாவை நிறுத்திவைக்கற தீர்மானம் வந்தது. தப்புன்னு எனக்குத் தெரியும். எல்லாரும் கை தூக்கினாங்க, நானும் தூக்கினேன். சாப்பாட்டுக்கு நேரமாயிடுச்சு, அவ்வளவுதான் காரணம். பயந்திருந்தாகூட ஒரு மரியாதை இருந்திருக்கும்.”

ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் எந்த எழுத்தாளர் மீதும் எனக்கு இவ்வளவு மரியாதை வந்ததில்லை. திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

ஜூன் 18

முழுவதையும் கேட்டு எழுதி முடித்து அவருக்கு அனுப்பிவிட்டேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் இன்ஷூரன்ஸ் சர்வேயர். எரிந்த கடையையும் நொறுங்கிய காரையும் பார்த்து நஷ்டத்தை மதிப்பிடுவது தொழில்.

“அச்சுல வருமா?”

“அவர் வாயாலதானே சொன்னார்.”

“வண்டியை இடிச்சவன்கூட அந்த இடத்துல தப்பு என்னுதுன்னுதான் சொல்வான். வீட்டுக்குப் போய் நிதானமா எழுதிக் குடுக்கும்போது பாரு, எதிர்ல வந்தவன் தப்பாயிருக்கும்.”

ரேடியோவிடம் சொல்லவில்லை. பூனைக்கு அவ்வளவாவது நிதானம் உண்டு.

ஜூன் 26

எதிர்ல வந்தவன் தப்பு.

பெரியவரின் திருத்தம் வந்துவிட்டது. சௌகரியம் பற்றிச் சொன்னது அப்படியே இருக்கிறது. நல்லவர்களைச் சாடியதும் அப்படியே. அந்த ஒரு பதிலை மட்டும் முழுதாக அடித்துவிட்டு, பக்கத்தில் அழகான கையெழுத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: “தைரியம் தவறாத மனிதர் இல்லை. தவறும்போதுதான் அதன் எடை நமக்குத் தெரிகிறது.”

எடையாம். எத்தனை கிலோ என்று கேட்க வேண்டும் போலிருந்தது.

ஜூன் 27

பத்திரிகை ஆசிரியர் அறையில்.

“ரெக்கார்டிங்ல இருக்கே சார்.”

“இருக்கட்டுமே. சொன்னவர் வேணாம்ங்கறார். நாளைக்கு இன்னொருத்தர் நம்மகிட்ட மனசு திறந்து பேசணும்னா இந்த வழக்கம் இருக்கணும் மேடம்.”

எரிச்சலே அதுதான், அவர் சொன்னது சரி. ஒரு மனிதர் தன் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். என்னை நம்பிப் பேசியதை நான் கடைவிரித்தால், அதற்கு எந்தத் தத்துவத்தைக் கொண்டுவந்து முட்டுக்கொடுத்தாலும் துரோகம் துரோகம்தான்.

ரேடியோ என் நெருங்கிய தோழியாக இருந்திருந்தால் இத்தோடு விட்டிருப்பேன். பாரபட்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கௌரவமாக ஒதுங்கியிருக்கலாம். அவளைப் பிடிக்காது என்பதால் அந்தக் கதவும் சாத்தியிருக்கிறது.

ஜூன் 29

அவர் பதிலில் கைவைக்கப் போவதில்லை. அவர் சொல்லி நீக்கியதை யாரிடமும் சொல்லப் போவதும் இல்லை.

ஆனால் கேள்வி பத்திரிகையினுடையது. அதாவது, என்னுடையது. ஒரு வரிக் கேள்வியை நீட்டினேன். ஊரறிந்த விஷயங்களை மட்டும் வைத்து:

“வீடிழந்தவர்களைப் பற்றி நான்கு நாவல்கள் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உறுப்பினராக உள்ள ஆட்சிக்குழு, வீடிழந்தவர்களைப் பற்றி வகுப்பெடுத்த ஒரு விரிவுரையாளரைப் பணியிலிருந்து நிறுத்தியிருக்கிறது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்கிறது அறிவிப்பு. அந்த மனங்களில் உங்களுடையதும் ஒன்றா? உங்களுக்குத் தைரியம் தவறிய இடம் உண்டா?”

கீழே அவர் பதில், ஒரு புள்ளி மாறாமல். தைரியம் தவறாத மனிதர் இல்லை.

இரண்டாம் திருத்தப் படியாகப் பெரியவருக்கு அனுப்பினேன். ஆசிரியர் மேசையிலும் ஒன்று வைத்தேன். அவர் தலைப்பையும் படத்தையும் மட்டும் பார்ப்பவர்.

ஜூலை 3

பெரியவரிடமிருந்து வந்துவிட்டது. தன் பதில் ஒன்றில் காற்புள்ளியை நகர்த்தியிருக்கிறார். படத்தை மாற்றச் சொல்கிறார், வயதாகத் தெரிகிறதாம். கேள்வியின் பக்கம் பென்சில் முனைகூடப் படவில்லை. அடியில் சம்மதம் என்று கையெழுத்து.

எந்த எழுத்தாளரும் கேள்வியைப் படிப்பதில்லை. தன் பதிலிலிருந்து தன் அடுத்த பதிலுக்குத் தாவுவார்கள், ஓடையில் கல்லுக்குக் கல் தாவுகிற மாதிரி. நடுவில் ஓடுவது தண்ணீர். இது எனக்குப் பல வருடமாகத் தெரியும்.

தெரிந்துதான் அனுப்பினேனா?

தெரிந்துதான்.

அப்படியானால் இது நேர்மையா — வழக்கத்தை மீறவில்லை, ஒளிக்கவில்லை, அவரே சம்மதித்திருக்கிறார். இதையெல்லாம் வரிசையாக அடுக்க வேண்டியிருக்கிறது என்பதே சரியில்லை. “கேள்வியைப் பாத்தீங்களா சார்” என்று ஒரு வார்த்தை கேட்கலாம் என்று போனை எடுத்தேன். ஆசிரியர் அறையிலிருந்து, “அச்சுக்கு நேரமாச்சு மேடம்” என்று குரல் வந்தது. வைத்துவிட்டேன்.

அவருக்குச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருந்தது. எனக்கு அச்சுக்கு.

ஜூலை 15

இதழ் வந்துவிட்டது. வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். “ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க” என்றார். பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 17

பெரியவர் அழைத்தார்.

“அம்மா, அந்தக் கேள்வி இருக்கே.”

“சொல்லுங்க சார்.”

“நேத்துலேருந்து ஒரே போன். இப்படி ஒரு கேள்வியை அச்சுல அனுமதிக்கவே பெரிய மனசு வேணும்கறாங்க. வேற யாராயிருந்தாலும் அடிச்சிருப்பாங்களாம். நானும் யோசிச்சுப் பாத்தேன். வேணும்தான்.”

கோபம் இருந்தது, அடியில். மேலே பொன்னாடை போர்த்தியிருந்தது.

“பதில்தான் கொஞ்சம் பொதுவா இருக்குன்னு ஒரு பையன் சொன்னான். மாணவர்கள் சிலபேர் வந்திருந்தாங்க, அடுத்த கூட்டத்துல நான் பேசுவேன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. பேசித்தான் ஆகணும் போல.”

ஜூலை 31

பேசிவிட்டார். ஆட்சிக்குழுவில் அரைமணி நேரம், எழுந்து நின்று. விசாரணையைக் கைவிட்டு ரேடியோவைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாம். அதே மனங்கள்.

“பேர் கெட்டுடக் கூடாதுன்னு செஞ்சதுங்க. நல்லதுன்னு செய்யல” என்றேன் வீட்டுக்காரரிடம்.

“பக்கத்து வீடு எரியுது. தன் சுவர் கருகிடும்னு ஒருத்தன் தண்ணி ஊத்தறான். நெருப்பு அணைஞ்சுதா இல்லையா, அதைச் சொல்லு.”

அறத் தத்துவக்காரர்கள் இதற்கு முந்நூறு பக்கம் எடுத்துக்கொள்வார்கள். இவர் பதில் சொல்லிக்கொண்டே சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 6

ஆசிரியர் அழைத்தார். இனிமேல் கேள்விகளும் எழுத்தாளரின் ஒப்புதலுக்குப் போகும். தனியாக ஒரு பக்கத்தில், கையெழுத்தோடு. “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு மேடம். மேலிடத்துல உங்களை மாத்தச் சொன்னாங்க, நான்தான் வழக்கத்தை மாத்திக்கறேன்னு சொன்னேன்.”

நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

ஆகஸ்ட் 21

ரேடியோ வீட்டுக்கு வந்தாள். வேலைக்குத் திரும்பிவிட்ட முகம். செருப்பைக் கழற்றும்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

“பெரியவரே அந்தக் கேள்வியை உன்கிட்ட சொல்லிக் கேக்கச் சொன்னாராமே?”

“அப்படியா சொன்னார்?”

“அவர் சொல்லல. எல்லாரும் சொல்றாங்க. அவர் சிரிக்கறார்.”

திருத்த வாயெடுத்தேன். அவள் அதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள். பெரியவருக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்கள். இவள்தான் பொறுப்பு. இடம், புதுக் கலையரங்கம்.

“எது? அந்த இடத்துல கட்டினதா?”

“வேற எங்கடி அத்தனை பேரை உக்காரவைக்கறது?”

சொன்ன பிறகு ஒரு கணம் நின்றாள். எனக்குத் தெரிந்து அவள் அப்படி நின்றதில்லை. பிறகு ஒலிபெருக்கிக்காரரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

செப்டம்பர் 12

விழா. நல்ல அரங்கம், குறை சொல்ல ஒன்றுமில்லை. நாற்காலியில் மெத்தை, இதமான குளிர், கடைசி வரிசைக்கும் குரல் தெளிவாக வருகிறது. வாசலில் ஒரு பெண் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். புது ஆள் போலிருக்கிறது.

மேடையில் தைரியத்தைப் பற்றி ஐந்து பேர் பேசினார்கள். பெரியவர் ஏற்புரையில், சௌகரியம் நம்மிடம் எதுவும் கேட்பதில்லை என்றார். கைத்தட்டல். ரேடியோ நன்றி சொன்னாள், நீளமாக.

பிறகு கேள்வி நேரம். எல்லோரும் எழுந்து வாழ்த்தினார்கள், கடைசியில் ஒரு கேள்விக்குறியை ஒட்டவைத்து.

நான் கை தூக்குவேன் என்று நினைக்கவில்லை. தூக்கியிருந்தது. மைக்கைக் கொண்டுவந்தவர் குனிந்து, “பேரைச் சொல்லிட்டுக் கேளுங்க மேடம்” என்றார்.

சொன்னேன். ஒலிபெருக்கியில் அது வேறு யாருடைய பெயரோ மாதிரி இருந்தது.

“இந்த இடத்துல குடியிருந்தவங்க இப்ப எங்க இருக்காங்க?”

அவ்வளவுதான் கேட்டேன். “நல்ல கேள்வி” என்றார் பெரியவர், பக்கத்தில் இருந்த ரேடியோவிடம் மைக்கைத் தள்ளினார்.

அவள் எழுந்தாள். “தெரியாது” என்றாள். “இடிச்சன்னிக்கு அவங்க பேர் எல்லாம் எனக்கு மனப்பாடம். அப்புறம் என் விசாரணை, என் வேலைன்னு… தெரியாது.” உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பேசி நான் கேட்டதிலேயே சின்னப் பேச்சு. யாரும் கை தட்டவில்லை. அடுத்து வாழ்த்துரை என்று அறிவித்தார்கள்.

செப்டம்பர் 14

ஆசிரியர், “விழாவுல கேட்ட கேள்விக்கு ஒப்புதல் வாங்கினீங்களா?” என்றார். கேலியா கண்டிப்பா தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. பெரியவர் அடுத்த நேர்காணலுக்கு வேறு யாரையாவது அனுப்பச் சொல்லியிருக்கிறாராம்.

மத்தியானம், நான் சாப்பாட்டைத் திறந்ததும் ரேடியோ அழைத்தாள்.

“அவங்களோட பழைய துப்புரவு மேஸ்திரியைப் பிடிச்சிட்டேன். பாதிப்பேர் ஊருக்கு வெளியே, கல்குவாரிப் பக்கம் இருக்காங்களாம். மீதிப்பேர் அவருக்கும் தெரியல. ரெண்டு பஸ் மாறணும். நாளைக்குப் போறேன். நீ வர்றியா?”

“எதுக்கு நான்?”

“போய் நின்னா என்னடி சொல்றது? எனக்கு ஒண்ணும் வரல. நீ ஏதாவது கேளு.”

என்ன கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.