எது கஷ்டம் என்று உன் மகள் கேட்டாள்

என்னோடு சண்டை போட ஆளில்லாமல் செய்துவிட்டுப் போன என் அண்ணனுக்கு,

நீ போய் இரண்டு வருடம் தாண்டிவிட்டது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதாதவள் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வார்டில் ஒருவருடைய கிளினிக் புத்தகத்தில் தேதியை மாற்றி எழுதிவிட்டேன். நர்ஸ் பார்த்துத் திருத்தினார். இன்று உன் வீட்டுக்குப் போக உக்குவளையில் இறங்க வேண்டியவள் யோசனையில் இரண்டு பஸ் ஹோல்ட் தாண்டிப்போய் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தேன்.

இதை ஏன் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறாய் என்று கேட்பாய். கல்யாண வீடு, கோயில், பஸ் ஹோல்ட் என்று ஓர் இடம் விடாமல் உன்னை மட்டந்தட்டிப் பேசியவள் நான். நாலு பேர் முன்னால் பேசியதை நாலு பேர் முன்னால்தானே திருப்பி எடுக்க வேண்டும்?

நம் சண்டை உனக்கு மறந்திருக்காது. நீ இரண்டாம் தடவை உயர்தரப் பரீட்சை எழுதி இஞ்சினியரிங் எடுத்தாய். நான் முதல் தடவையிலேயே மெடிசின் எடுத்தேன். அதனால் ஒன்றரை வயது மூத்தவனும் இளையவளும் ஒரே வருடம் கேம்பஸ் போனோம். மாத்தளை ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து, கண்டி வரும் வரைக்கும் எது கஷ்டமான படிப்பு என்று அடித்துக்கொள்வோம். அண்ணா என்று கூப்பிடுவேன், பேச்செல்லாம் நீ, வா, போதான். அம்மா எத்தனை அதட்டியும் அது மாறவில்லை.

நான் எடுத்தவுடன் உடற்கூற்று மண்டபத்தை இழுப்பேன். ஒரு கைக்குள் எத்தனை நரம்பு, எது எங்கே பிரிகிறது, எது அறுந்தால் எந்த விரல் மடங்காது, எல்லாம் தலைக்குள் இருக்க வேண்டும். மணி அடித்தால் அடுத்த மேசை, அடுத்த மணிக்கு அடுத்த மேசை என்று ஓடும் ஸ்பொட் பரீட்சை. மூன்று முறை குளித்தாலும் தலைமுடியில் ஃபோமலின் வாசனை. வார்டுக்குப் போனால் நோயாளிக்கு முன்னாலேயே ஏச்சு.

“உனக்கு விடை புத்தகத்துல இருக்குடி. படிச்சா வரும்” என்பாய் நீ. “எனக்கு ரெண்டு நாளா ஒரே கணக்கு. எந்தப் புத்தகத்தப் புரட்டினாலும் அந்தக் கணக்கு இல்ல.”

“கணக்கு பிழைச்சா உனக்கு மார்க்குதான் போகும். எனக்கு ஒரு ஆளே போயிரும்.”

“உனக்குப் பிழைச்சா ஒரு ஆள். நான் கட்டின பாலம் விழுந்தா ஒரு பஸ்ஸு.”

பெட்டியில் இருந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். அப்போதெல்லாம் நீதான் ஜெயிப்பாய். ஆனால் அந்த ஜெயிப்பெல்லாம் ரயிலோடு சரி. வீட்டு வாசலில் கால் வைத்ததும் நான் ஜெயித்துவிடுவேன்.

நம் வீட்டில் அது ஒரு சட்டம் மாதிரி இருந்தது. எனக்குப் பரீட்சை என்றால் வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது. அம்மா தேங்காய்ச் சம்பலை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய் அரைத்துக்கொண்டு வருவார். அப்பா டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, செய்தி வாசிப்பவரின் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்தவர்களை கேட்டிலேயே வைத்து, “டொக்டருக்குப் படிக்கிற புள்ள இருக்கு” என்று பேசி அனுப்புவார். உன் பரீட்சையும் அதே வாரம்தான் என்று யாராவது ஞாபகப்படுத்தினால், “இவனுக்கென்ன, கணக்குதானே” என்பார். நீ புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு, பின்தெருவில் உன் கூட்டாளி ரிஸ்வான் வீட்டு மேல்மாடிக்குப் போய்விடுவாய்.

நம் தெருவிலிருந்த சின்னக் கோயிலின் ஆடித் திருவிழா ஞாபகம் இருக்கிறதா? ஒலிபெருக்கிப் புனல் என் ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருந்தது. அப்பா போய் மைக்செட்காரரிடம் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, அதை அந்தப் பக்கம் திருப்ப வைத்தார். அந்தப் பக்கம் என்பது ரிஸ்வான் வீட்டு மேல்மாடி. மூன்று நாளும் எல்லா அம்மன் பாட்டும் உன் காதுக்குள்தான் விழுந்திருக்கிறது. அந்தத் தடவை உனக்கு ஒரு பேப்பர் போயிற்று. வீட்டுக்கு வந்து, “பேப்பர்ல அம்மன் பாட்டப் பத்திக் கேட்டிருந்தா ஃபுல் மார்க் எடுத்திருப்பேன்” என்றாய். எல்லோரும் சிரித்தோம். அதற்குப் பிறகு உன் பேப்பரைப் பற்றி யார் கேட்டது? நான் கேட்கவில்லை.

இப்போது செய்திக்கு வருகிறேன். உன் மகள் நிவேதாவுக்கு சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்துக்கும் ஏ. உன்னைப் போலவே பேனா மூடியைக் கடித்துக் கடித்து நசுக்குகிறாள். உயர்தரத்துக்கு எந்தப் பிரிவு என்று எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தைப் பாடசாலையில் கொடுக்க வேண்டும். அவளுக்குக் கணிதம் வேண்டும். அண்ணிக்கு அவள் மெடிசினுக்குப் போகும் பயோ செய்ய வேண்டும். “நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா கேப்பா சுதா” என்று அண்ணி கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை பெரிய மனுஷி மாதிரிப் புறப்பட்டுப் போனேன்.

நிவேதா போனை நீட்டினாள். உலகத்திலேயே கஷ்டமான படிப்புகள் என்று பட்டியல் பட்டியலாக எடுத்து வைத்திருக்கிறாள். ஒன்றில் மருத்துவம் முதலாவது. இன்னொன்றில் கட்டிடக்கலை. வேறொன்றில் சட்டம், கணக்காளர் பரீட்சை, இயந்திரப் பொறியியல் என்று வரிசை மாறி மாறி இருக்கிறது.

“எது மெய்யாவே கஷ்டம் அத்த? உங்களுக்குத்தானே தெரியும்” என்றாள்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. எத்தனை வருடம் பேசிப் பழகிய பேச்சு! ஃபோமலின், ஸ்பொட், வார்டு, இன்டர்ன் வருடத்தில் நின்றபடி சாப்பிட்டது எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன். கஷ்டம் என்றால் மெடிசின்தான், ஆனால் உன்னால் முடியும் என்று முடித்தேன்.

“அப்பா படிச்சது?” என்று கேட்டாள்.

நான் சிரித்தேன், அண்ணா. சிரித்துக்கொண்டு, “உங்கப்பாவுக்கென்ன, கணக்குதானே” என்றேன்.

குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அண்ணி வெளியே வந்தார். பதினெட்டு வருடத்தில் என்னிடம் ஒரு சொல் கடிந்து பேசாதவர். அன்றைக்கும் கத்தவில்லை.

“அவரு போன அந்தக் கிழமை, ரெண்டு நாளா நெஞ்சு இறுக்கமா இருக்குன்னு சொன்னாரு சுதா. உங்களுக்கு போன் பண்றேன்னு நான் போனை எடுத்தேன். புடுங்கி வச்சிட்டாரு. அவளுக்கு அடுத்த கிழமை எம்.டி. எக்ஸாம், படிக்கிற புள்ளய பயங்காட்டாத, முடியட்டும்னாரு. வாயுவுக்கு மாத்திர வாங்கிப் போட்டுக்கிட்டு சைட்டுக்குப் போனாரு.”

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். தம்புள்ளைப் பக்கம் பாலத்து வேலை நடந்த இடத்தில், காலையில், நின்ற இடத்திலேயே விழுந்தாய். மாரடைப்பு திடீரென்று வந்தது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று நான்தான் எல்லோருக்கும் விளக்கினேன். டொக்டர் சொல்கிறாள் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

“அப்ப ஏன் இவள பயோ செய்யச் சொல்றேன்னு கேக்குறீங்களா?” என்றார் அண்ணி. “இந்தக் குடும்பத்துல டொக்டருக்குப் படிச்சாத்தான் வீடே மூச்ச அடக்கிக்கிட்டு பாத்துக்கும். வேற எது படிச்சாலும், என்ன ஆச்சுன்னு கேக்க ஒரு ஆள் இல்ல. எம்புள்ளய யாராச்சும் கேக்கணும்.”

நிவேதா அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் இது அன்றைக்குத்தான் தெரியவந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாய்களை ஒரு பிழையில்லாமல் வரைந்து பாராட்டு வாங்கியவள் நான். இரண்டு நாள் இறுக்கம் என்று நீ ஒரு வரி சொல்லியிருந்தால் உன்னை அடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். பிழைத்திருப்பாயா? எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் என்னைத் தின்கிறது. போனைப் பிடுங்கி வைத்தாயே, உனக்கு அப்போது எவ்வளவு வலித்தது? நானாகக் கூப்பிடுவேன் என்று எதிர்பார்த்தாயா? அந்தப் பரீட்சையை நான் எழுதவேயில்லை என்பதாவது உனக்குத் தெரியுமா?

உன் மேல் கோபமும் வருகிறது. யார் உன்னை அவ்வளவு நல்ல அண்ணனாக இருக்கச் சொன்னது? அப்பாவின் சட்டத்தை அப்பாவே மறந்துபோன வயதில், நீ ஏன் அதைக் கட்டிக்கொண்டு அழுதாய்?

வீட்டில் இருக்க முடியாமல் புதன்கிழமை ரிஸ்வானின் மிளகுக் கடைக்குப் போனேன். உன் படிப்பு எப்படியிருந்தது என்று கேட்டேன். கேட்கவே வெட்கமாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் கழித்து, அதுவும் கடைக்காரரிடம் கேட்கிறேன்.

“ரெண்டாம் வருசம் எல்லாத்தயும் உட்டுட்டு கடைக்கு வாறேன்டு நிண்டான்” என்றார் ரிஸ்வான். “ஒரே பேப்பர மூணு தரம் எழுதினான். ஒவ்வொரு தரமும் எக்ஸாமுக்குப் போற காலையில எங்கட வீட்டுல வாந்தி. எங்கட வாப்பாதான் ஏசி ஏசி அனுப்புவார். ஒங்கட வீட்டுக்குச் சொல்லக்கூடாது எண்டு சத்தியம் வாங்கிக்கிட்டான். தங்கச்சிட எக்ஸாம் கொழம்பிருமாம்.”

மூன்று தரம். நம் வீட்டுக்குத் தெரிந்தது ஒரு தரம் போனது மட்டும்தான். திரும்பும்போது என் பழைய தோழியின் அலுவலகத்துக்கும் போனேன். அவள் சட்டம் படித்தவள். எது கஷ்டமான படிப்பு என்று அவளிடமும் கேட்டேன். “பாஸானவங்க எல்லாருமே தன்னோடதுதான் கஷ்டம்னு சொல்லுவாங்க. பாதியில விட்டுட்டுப் போனவங்கள கேட்டுப்பாரு” என்று சொல்லிவிட்டு ஃபைலைத் திறந்துகொண்டாள். நீயும் அந்த இரண்டாம் வருடம் விட்டுவிட்டுப் போயிருந்தால் நான் எப்படியெல்லாம் பேசியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

இன்று வியாழக்கிழமை. பின்னேரம் மறுபடி உக்குவளைக்குப் போனேன். படிவம் மேசையில் இருந்தது, பிரிவு என்ற இடம் மட்டும் காலி. அண்ணி முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

நிவேதாவிடம் சொன்னேன். “நான் ஞாயித்துக்கிழமை சொன்னது பொய்யில்ல. மெடிசின் கஷ்டம்தான். ஆனா எனக்குத் தெரிஞ்சது என் கஷ்டம் மட்டும்தான். எனக்கு சத்தம் கேக்கக்கூடாதுன்னு ஒரு வீடே சும்மா இருந்துச்சு. உங்கப்பா ஒரே பேப்பர மூணு தரம் எழுதி, வாந்தியெடுத்து, எங்க யாருகிட்டயும் சொல்லாம முடிச்சாரு. அது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியாது. ஒருநாளும் கேக்கல. கேக்கணும்னு தோணவே இல்லம்மா.”

டொக்டராகிப் பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பேர் முன்னால் அழாமல் இருந்திருக்கிறேன். இன்று பதினாறு வயதுப் பிள்ளை முன்னால் முடியவில்லை.

அவள் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தாள். படிவத்தை இழுத்து, கணிதம் என்று எழுதினாள். எழுதிவிட்டு அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“நான் படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன் அத்த, அப்பாவுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சுன்னு” என்றாள்.

அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பெற்றோர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஓர் உறுதி சொல்கிறேன், அண்ணா. நிவேதாவிடமும் அண்ணியிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவளுக்குக் கணக்கு வராவிட்டாலும், காய்ச்சல் வந்தாலும், சும்மா அழ வேண்டும் போலிருந்தாலும், முதல் போன் எனக்குத்தான் வர வேண்டும். நான் அன்று எழுதாமல் விட்ட அந்த எம்.டி. பரீட்சைக்கு உட்காரத்தான் போகிறேன். மண்டபத்துக்குள் பாதி விடை எழுதிக்கொண்டிருந்தாலும், உன் மகள் கூப்பிட்டாள் என்று தெரிந்தால் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வருவேன்.

உன் ஒரே தங்கச்சி,
சுதா
உக்குவளையிலிருந்து மாத்தளை திரும்பிய பஸ்ஸில் எழுதத் தொடங்கியது