டெக்லனுக்கு வாங்கிய பலகைகள்

செப்டம்பர் 2, 2013, திங்கள்

ஸ்லைகோ கடையிலிருந்து விலைப்பட்டியல் வந்தது. அஸ்திவாரத்துக்கு அடியில் விரிக்கும் வெப்பக்காப்புப் பலகைகளுக்கு மட்டும் அவர்கள் கேட்கும் தொகையில் கூரை முழுவதற்கும் ஓடு வாங்கிவிடலாம். இரண்டு முறை படித்தேன். கூட்டலில் பிழை இல்லை.

பார்த்தால் வெறும் தெர்மோகோல். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வைத்து அனுப்புவார்களே, அதன் கெட்டியான அண்ணன். ஆனால் அது இல்லாமல் கான்கிரீட் ஊற்றினால் பொறியாளர் பிரெஸ்லின் கையெழுத்துப் போடமாட்டாள். ஊற்றிய பிறகு அடியில் செருகவும் முடியாது.

கட்டட அனுமதி அக்டோபர் 11 அன்று முடிகிறது. என் கணவர் கான்லத் உயிரோடு இருந்தபோது வாங்கியது, ஐந்து ஆண்டு. அதற்குள் தளம் வார்த்திருந்தால் மேற்கொண்டு காலம் கேட்கலாம். இல்லையென்றால் இந்த மேட்டில் கவுன்சில் இன்னொரு அனுமதி தராது. அங்கிருக்கும் பெண்ணே சொல்லிவிட்டாள். கீழ் வயல் விற்றுக் கைக்குப் பணம் வந்ததே இந்த வசந்தத்தில்தான். பழைய வீட்டுக்குள் 2009 நவம்பரில் ஷானன் ஆறு புகுந்தது, அது இனி வீடு இல்லை. நான்கு குளிர்காலம் இந்தக் கேரவனில் கழிந்தது. எனக்கு எழுபத்து நான்கு.

ஓர்லா டப்ளினிலிருந்து பேசினாள். “போதும்மா. இங்க வந்துடுங்க. இல்லன்னா காரிக்ல அந்த முதியோர் ஹோம் இருக்கே, நல்லா சூடா இருக்காம்.”

“சூடா வைக்க நான் என்ன ரொட்டியா?” என்றேன்.

மகளிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். ஆனால் பதில் சரியான பதில்தான்.

செப்டம்பர் 6, வெள்ளி

பலகைகள் கிடைத்துவிட்டன! லாங்ஃபோர்டு பக்கம் ஒருவன், பாதியில் நின்றுபோன கட்டடங்களின் மிச்சத்தை விற்கிறான். செய்தித்தாளில் நான்கு வரி விளம்பரம். ஸ்லைகோ விலையில் மூன்றில் ஒரு பங்கு. ஜார்லத்தின் டிரெய்லரில் இரண்டு நடை ஏற்றி வந்தோம். எனக்கு மண் வெட்டுவதும் கம்பி கட்டுவதும் ஜார்லத்தான். நல்ல வேலைக்காரன், வாய் மட்டும் நிற்காது.

ஒவ்வொரு பலகையையும் அளந்த பிறகே ஏற்றவிட்டேன். கனம் இருநூறு மில்லிமீட்டர், ஒன்றுகூடக் குறையவில்லை. மூலைகள் சுத்தமான செங்கோணம். விற்றவனே, “மேடம், கல்யாணப் பொண்ணக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டாங்க” என்றான்.

திரும்பும் வழியில் ஜார்லத் கேட்டான். “என்ன தரம்னு கேட்டீங்களா மிஸஸ் ஷான்லி?”

“அளந்தேனே, நீ பாக்கலியா?”

அவன் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டிவைத்தான்.

செப்டம்பர் 12, வியாழன்

இன்று பிரெஸ்லின் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. சேறு படிந்த பூட்ஸோடு பலகை அடுக்கின் முன் குந்தி உட்கார்ந்தாள். அளவுகோல் எடுக்கவில்லை. கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். குழி விழுந்தது. அழுத்திய இடம் திரும்ப மேலே வரவில்லை.

“இது எழுபதாம் தரம், மிஸஸ் ஷான்லி. சுவருக்குள்ள வைக்கறது. நான் வரைபடத்துல எழுதினது முந்நூறு. வீட்டு எடை மொத்தமும் இது மேல உக்காரப் போகுது. ஒரு பக்கம் நசுங்கினா தளம் வெடிக்கும்.”

“இருநூறு மில்லிமீட்டர். நானே அளந்தேன்.”

“கனம் சரிதாங்க. ஆனா இது மேல போட்டுக்கற கோட்டு. நான் கேக்கறது காலுக்குச் செருப்பு.”

கையெழுத்துப் போட முடியாதென்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மரியாதையாகவே சொன்னாள், அதுதான் தாங்கவில்லை. அவள் கார் போனபிறகு நானும் ஒரு பலகையில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். இன்னொன்றில். இன்னொன்றில். எல்லாவற்றிலும் என் விரல் போனது.

முப்பத்தொரு வருஷம் பால் சொசைட்டியில பரிசோதனை மேசைக்குப் பின்னால உக்காந்தவ நான். அடுத்தவன் கேனுக்குள்ள என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கத் தெரிஞ்சவளுக்கு ஒரு கேள்வி கேக்கத் தெரியல. ஒரே ஒரு கேள்வி!

செப்டம்பர் 13, வெள்ளி

எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று ஓர்லாவிடம் சொன்னேன். பள்ளியில் சிஸ்டர்களிடம்கூட இவ்வளவு தெளிவாகப் பொய் சொன்னதில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

மழை. குழியில் தண்ணீர் நிற்கிறது. ஜார்லத் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே, என்னைப் பாராமல் சொன்னான்:

“முந்நூறாம் தரம் ஒரு வீட்டுக்குத் தேவையானது அப்படியே கிடக்குது. இங்கேருந்து ஒரு கல்லு எறிஞ்சா விழற தூரம்தான். மல்வி வைக்கோல் கொட்டகையில. கறுப்புத் தார்ப்பாய் போத்தி. மகன் டெக்லன் வீடு கட்டணும்னு 2008ல வாங்கினது. அப்புறம் வேலையெல்லாம் போச்சு, அவன் வெளிநாட்டுக்கு, பெர்த்துக்குப் போயிட்டான். பலகை இங்கேயே நின்னுபோச்சு.”

“மல்விகிட்ட நான் போகமாட்டேன்.”

“நான் போகச் சொல்லலியே. கிடக்குதுன்னு சொன்னேன்.”

ஃபெஸ்டஸ் மல்வி. 1983-இல் அவர் கொண்டுவந்த பாலில் தண்ணீர் இருந்தது. நூற்றுக்கு ஒன்பது. முதல் நாள் எச்சரித்தேன். மறுநாளும் இருந்தது. வரிசையில் இருபது பேர் நிற்க, எண்ணை உரக்கப் படித்துக் கேனைத் திருப்பி அனுப்பினேன். விதி அது. அதன் பிறகு அவர் என்னோடு பேசியதில்லை. கான்லத்தின் உடல் வீட்டில் இருந்தபோது வந்தார். வரிசையாக உட்கார்ந்திருந்த குடும்பத்தார் எல்லோருக்கும் கைகொடுத்தார். என் முன் வந்ததும் தொப்பியை வலக்கைக்கு மாற்றிக்கொண்டு அடுத்தவருக்குப் போனார்.

செப்டம்பர் 21, சனி

மூடிப்போன இறைச்சிக் கிடங்கின் குளிர்அறைப் பலகைகள் ரொம்ப மலிவு என்றார்கள். போய்ப் பார்த்தோம். தகடும் பசையும் நாற்றமும். இந்த முறை முதலிலேயே தரம் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. பலகைக்குப் பதிலாக விரிக்கும் கண்ணாடி நுரைக் கற்கள் வெளிநாட்டிலிருந்து வர எட்டு வாரம் ஆகுமாம். எனக்கு இருப்பது மூன்று.

லாங்ஃபோர்டுக்காரன் தொலைபேசியை எடுப்பதில்லை.

செப்டம்பர் 25, புதன்

மல்விக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றையும் கிழித்தேன். முதலாவது உத்தரவு போல இருந்தது, இரண்டாவது பிச்சை போல. மூன்றாவதில் பிழை எதுவும் இல்லை. படித்தால் யாருக்கும் எதுவும் கொடுக்கத் தோன்றாது.

செப்டம்பர் 26, வியாழன்

போனேன். கையில் ஒரு பிரவுன் பிரெட். வெறுங்கையோடு யார் வீட்டுக்கும் போய்ப் பழக்கமில்லை. மல்வி கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றார். மெலிந்திருக்கிறார்.

“யாரு, பால் மேடமா? என்ன, இன்னிக்கும் பரிசோதனையா? எங்கிட்ட இப்ப மாடே கெடையாதே.”

“உங்கள் கொட்டகையில் இருக்கும் பலகைகளை விலைக்குக் கேட்க வந்தேன், மிஸ்டர் மல்வி.”

“விக்கிறதுக்கு இல்ல. பையனோடது. வந்ததும் கட்டுவான்.”

“எப்போது வருகிறார்?”

“அடுத்த வருஷம்.”

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. “ஐந்து ஆண்டாக அடுத்த ஆண்டுதானே?” என்றேன்.

பிரெட்டை வாங்கவில்லை. கதவை அறையவுமில்லை, மெதுவாகச் சாத்தினார்.

நான் சொன்னது உண்மை. 83-லும் உண்மையைத்தான் சொன்னேன். திரும்பி நடக்கும்போது தோன்றியது — அவர் கேனை இன்றைக்கு இன்னொரு முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பூசை முடிந்து சர்ச் வாசலில் ஜார்லத் பிடித்துக்கொண்டான். கான்கிரீட் லாரிக்கு நாளை மறுநாளுக்குள் தேதி சொல்லியாக வேண்டுமாம். 9-ஆம் தேதி என்று சொல்லச் சொன்னேன். “எது மேல ஊத்தறது, மிஸஸ்?” என்றான்.

மதியம் ஓர்லா. பிரெஸ்லினிடம் பேசியிருக்கிறாள். “எல்லாம் தெரியும்மா. ஹோம்ல பேர மட்டும் குடுத்து வச்சிருக்கேன். பேருதான். கோவிச்சுக்காதீங்க.” அழுகிறாளோ என்று தோன்றியது. என் பெயரை என்னைக் கேட்காமல் கொடுத்திருக்கிறாள். டிம்ப்னா ஷான்லி, ஒற்றை அறை, ஜன்னல் பக்கம்.

ராத்தூக்கம் இல்ல, பசி இல்ல. என்ன செய்யட்டும்? யாரக் கேக்கட்டும்?

அக்டோபர் 2, புதன்

மறுபடி போனேன். பிரெட் இல்லை, பணமும் இல்லை. மல்வி முற்றத்தில் கரி வாளியோடு நின்றிருந்தார். உள்ளே கூப்பிடவில்லை, நான் எதிர்பார்க்கவுமில்லை. நின்றபடியே சொன்னேன்:

“அன்று நான் எடுத்த அளவு சரி. அதை மாற்றிச் சொல்ல எனக்கு வராது. ஆனால் உங்களைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். உள்ளே ஓர் அறை இருந்தது. கதவும் இருந்தது. இருபது பேர் முன்னால் உரக்கப் படித்தது தவறு. அது விதியில் இல்லை. அது நானாகச் செய்தது.”

வாளியைக் கீழே வைத்தார். கொட்டகைப் பக்கம் பார்த்தார்.

“இதச் சொல்ல முப்பது வருஷமா?”

“ஆமாம்.”

“தண்ணி ஊத்தினது நான்தான். பேங்க்காரன் கழுத்த நெரிச்ச வருஷம் அது.” பிறகு, “அது ஊருக்கே தெரியும். மளிகைக் கடையில என் மனைவிகிட்ட, பால்ல தண்ணி ஊத்தித் தரவான்னு கேலி பண்ணானுங்க. அதான் எனக்கு ஆறல” என்றார்.

எனக்கு அது தெரியாது. நோரா மல்வியை வாரத்துக்கு இரண்டு முறை அந்தக் கடையில் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியாது.

கொட்டகைக்குள் நடந்தார். நான் பின்னால் போனேன். தார்ப்பாயை விலக்கினார். எலி கடித்த தடம்கூட இல்லை. ஒவ்வொரு பலகையிலும் நீல மையில் ‘டெக்லன்’ என்று எழுதியிருந்தது. கட்டைவிரலை வைத்து முழு பலத்தோடு அழுத்தினேன். இறங்கவில்லை.

“விக்க மாட்டேன்” என்றார். “கடனாத் தரேன். அவன் வீடு ஆரம்பிக்கும்போது இதே எண்ணிக்கை, இதே தரம், புதுசா நீங்க வாங்கி இறக்கணும். தாள்ல எழுதுங்க. உங்க எழுத்து நல்லா இருக்கும்.”

அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பிரதி. எழுபத்தாறு பலகை, முந்நூறாம் தரம், இருநூறு மில்லிமீட்டர். திருப்பித் தரும் ஆண்டு என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த வருஷம்னு போடுங்க” என்றார்.

2014 என்று எழுதினேன். வேறெதுவும் கேட்கவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

பிரெஸ்லின் வந்தாள், அழுத்திப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். பலகைகளை விரிப்பது மல்விதான். யாரும் கூப்பிடவில்லை, காலையில் முழங்கால் பட்டையோடு வந்து நின்றார். இணைப்புகள் ஒன்றுக்கு நேராக இன்னொன்று வரக்கூடாது என்பதில் என்னைவிடக் கண்டிப்பு. ஜார்லத் ஒன்றைக் கோணலாக அறுத்துவிட்டான்.

“டேய், கண்ண எங்க வச்சிருக்க? அத வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி உன் நாய்க்குப் படுக்கையாப் போடு!”

“இங்க ஒரு மிஸஸ் ஷான்லியயே என்னால சமாளிக்க முடியல,” என்றான் ஜார்லத். “இப்ப ரெண்டு.”

அக்டோபர் 9, புதன்

லாரி எட்டு மணிக்கு வரவேண்டியது, பத்தேகாலுக்கு வந்தது. தூறல். வளைவில் சக்கரம் சேற்றில் இறங்கியது, நாற்பது நிமிடம். டிரம்முக்குள் கான்கிரீட் இறுகிவிடும் என்று ஓட்டுநர் கத்த, மல்வி போய் அந்த எழுபதாம் தரப் பலகைகளை அள்ளிவந்து சக்கரத்தின் அடியில் போட்டார். தூள் தூளாக நசுங்கின. ஆனால் லாரி ஏறிவிட்டது.

பிறகு ஊற்றினார்கள். சாம்பல் நிறத்தில் மெதுவாக வந்து வெள்ளையை மூடியது. நீல எழுத்துகள் ஒவ்வொன்றாகப் போயின. ஜார்லத் மட்டப்பலகை இழுத்துக்கொண்டிருந்தான். மல்வி தூரத்து மூலையில் நின்று, கடைசி எழுத்து மறையும் வரை பார்த்துவிட்டு, சாப்பிடக்கூட நிற்காமல் போய்விட்டார். அவருக்கு வைத்த ஹாம் சாண்ட்விச்சை ஒரு துணியில் சுற்றி அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். தட்டவில்லை.

இரண்டு நாள் மிச்சம் இருக்க, தளம் இருக்கிறது.

ஜனவரி 6, 2014, திங்கள்

கவுன்சிலிலிருந்து கடிதம்: மூன்று ஆண்டு நீட்டிப்பு. சுவர் ஜன்னல் மட்டம்வரை வந்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வந்த ஓர்லா பூட்ஸ் போட்டுக்கொண்டு தளத்தின் மேல் அறை அறையாக நடந்து பார்த்தாள். ஹோமுக்குப் போன் செய்து பெயரை எடுத்துவிட்டதாகப் போகும்போதுதான் சொன்னாள்.

இன்று பெண்களின் கிறிஸ்துமஸ், ஆண்கள் தேநீர் போடவேண்டிய நாள். மல்வி தானாகவே கேரவனுக்கு வந்து கெண்டியை அடுப்பில் வைத்தார். டெக்லன் பெர்த்தில் வீடு வாங்கியிருக்கிறானாம். நான்கு படுக்கையறை. பின்பக்கம் எலுமிச்சை மரம். கைப்பேசியில் படம் காட்டினார். நல்ல வீடு என்றேன். நல்ல வீடுதான்.

தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு கோட்டுக்குள்ளிருந்து அவர் பிரதியை எடுத்து மேசைமேல் விரித்தார். கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“இந்த வருஷம் அவனுக்குத் தோதுப்படாது போலிருக்கு, டிம்ப்னா.”

என் பிரதியை எடுத்துவந்தேன். இரண்டிலும் 2014-ஐ ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் 2015 என்று எழுதினேன். திருத்திய இடத்தில் இருவரும் கையொப்பமிட்டோம்.