சாப்பாட்டுப் பையில் வந்த கேம் மெசின்

2025 ஜூலை 8, செவ்வாய்

இன்றைக்கு முனாப் மாமாவின் சாப்பாட்டுப் பையில் மூன்று போன்களும் ஒரு பழைய கேம் மெசினும் வந்தன.

போன்கள் எப்போதும் வருகிறவைதான். மாமாவுக்குத் திருகோணமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரிப்பேர் கடை. அங்கே எடுக்கிற வேலை பின்னேரம் கிண்ணியாவில் எங்கள் வீட்டுக்கு வரும். நான் செய்து வைப்பேன். காலையில் அதே பையில் திரும்பிப் போகும். ஆறு வருடமாக இப்படித்தான். கடைக்கு வருகிறவர்கள் "முனாப் நானாட கை தங்கக் கை" என்கிறார்களாம். அந்தத் தங்கக் கைக்காரருக்கு இப்போது ஊசியில் நூல் கோக்கவே கண் தெரியாது.

கையில் பிடித்து விளையாடுகிற அந்தக் கேம் மெசினுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்கும். திரைக்குள் விளக்கு இல்லாத வகை. வெயிலில் பிடித்தால்தான் படம் தெரியும். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிற கதிராமன் என்பவருடையது. கப்பல் வரும்வரை காத்திருக்கிற நேரத்தில் விளையாடுவாராம். வெளிச்சம் உள்ள புதுத் திரை ஒன்றை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்து, மாற்றித் தரச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"ஏலுமா புள்ள? ஏலாட்டித் திருப்பிக் குடுக்கிறன்" என்றார் மாமா.

எனக்கு ஏலாது என்று யார் சொன்னது?

ஜூலை 9, புதன்

மெசினில் இருப்பது தலையில் மூன்று கால் வெட்டு உள்ள ஸ்குரூ. அதற்கான திருப்புளி என்னிடம் இல்லை. பேனாக் குழாயின் நுனியை உருக்கி ஸ்குரூவின் தலையில் அழுத்தி ஆறவிட்டேன். அதுவே திருப்புளி ஆகிவிட்டது. இதையும் மாமா தன் கெட்டித்தனம் என்று யாருக்காவது சொல்வார்.

புதுத் திரை பழையதை விடப் பெரிது. மூடியின் உள்பக்கத்து பிளாஸ்டிக் வரம்புகளை வெட்டி இடம் எடுக்க வேண்டும். வெட்டினால் வெட்டினதுதான். நான் கட்டரைக் கையில் எடுத்ததைப் பார்த்து உம்மா, "ஆருடையோ சாமான், கத்தரிக்கா மாதிரி அரிஞ்சு போட்டுராத" என்றார்.

ஜூலை 11, வெள்ளி

மாமாவிடம் இன்றும் கேட்டேன். கடையில் எனக்கு உட்கார ஒரு கதிரை போடுங்கள், அங்கேயே வந்து செய்கிறேன் என்று.

"பொம்புளப் புள்ள கடையில இருந்தா நாலு பேர் நாலு விதமாக் கதைப்பாங்க. பொறகு ஒருத்தனும் நம்பிச் சாமான் தர மாட்டான்."

அந்த நாலு பேரின் போனும் என் மேசையில்தான் கிடக்கிறது மாமா, என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? நாளைக்குச் சொல்வேன்.

ஜூலை 13, ஞாயிறு

சொல்லவில்லை. ஆனால் திரை வெளிச்சமாக எரிந்தது!

காலையிலிருந்து கச்சான் காற்று. வீடு முழுக்கத் தூசி. திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு தூசி விழுந்தால் வேலை முழுவதும் பாழ். குளியலறைத் தரையைக் கழுவி, சுவருக்கும் தண்ணீர் அடித்து, தூசி அடங்கினபின் கதவைச் சாத்திக்கொண்டு முக்காலியில் இருந்து பொருத்தினேன். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறதற்கு ஒரு மெல்லிய கம்பியை இடது மூலை வழியாகக் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். தலைமயிர் அளவுக் கம்பி. மூன்றாவது தரம்தான் பிடித்தது.

பட்டனைத் தட்டினேன். அப்படி ஒரு நிறம்! உம்மா கதவைத் தட்டி "என்னடி தனியச் சிரிக்கிறாய்" என்று கேட்டார்.

மேசையில் வைத்து இரண்டு மணித்தியாலம் எரியவிட்டுப் பார்த்தேன். ஒரு தரம்கூடச் சிமிட்டவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

"மெசினைக் கண்டதும் அந்த மனிசன் சந்தோசத்தில என்னைக் கட்டிப்பிடிச்சிட்டார் புள்ள" என்று மாமா வந்து சொன்னார்.

என்னைக் கட்டிப்பிடிக்க வேண்டாம். பெயரையாவது ஒரு தரம் சொல்லியிருக்கலாம்தானே?

ஜூலை 24, வியாழன்

கோபத்தில்தான் எழுதுகிறேன்.

பத்து மணிக்கு மாமா எனக்குப் போன் எடுத்தார். கேம் மெசின் திரும்பி வந்துவிட்டதாம். விளையாடிக்கொண்டு இருக்கும்போதே திரை இருண்டு நூந்து போகிறதாம். நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கம் அவர் கதிராமனுக்குச் சொல்வது கேட்டது: "இது நான் செய்யல்ல தம்பி. என்ட மருமகள் ஷிஃபானாதான் வீட்டில வச்சுச் செஞ்சவ."

ஆறு வருசம்! ஆறு வருசமா அந்தக் கடையில என்ட பேர் ஒரு தரம் வரல்ல. இண்டைக்கு வந்திருக்கு. புகழுக்கு முனாப் நானா, பழிக்கு ஷிஃபானா. என்ன நியாயம் இது?

பின்னேரம் மாமா வந்து குரலைத் தணித்து, "திரை வரக்குள்ளயே பழுது எண்டு சொல்லிருவம். அவர் எடுப்பிச்ச சாமான்தானே" என்றார்.

மாட்டேன் என்றேன். பழுதான திரை என் மேசையில் இரண்டு மணித்தியாலம் எரியாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பிழை என் வேலையில்தான் இருக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

"அவரைச் சனிக்கிழமை வரச் சொல்லுங்க. நான் கடைக்கு வாறன்."

"நீயா?"

"என்ட பேரைச் சொன்னீங்கதானே. பேர் போன இடத்துக்கு ஆளும் போகணும்."

ஜூலை 26, சனி

எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும்.

எட்டு மணி பஸ்ஸில் போனேன். மாமா என்னை உள்ளே, அலுமாரிக்குப் பின்னால் இருக்கச் சொன்னார். நான் கவுண்டரிலேயே நின்றேன்.

கதிராமன் ஒன்பதுக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். வெயிலில் கறுத்த, பெரிய உடம்பு. மெசினை வாங்கித் தட்டினேன், நன்றாக எரிந்தது. குலுக்கினேன். அப்போதும் எரிந்தது. அவர் முகத்தில் சந்தேகம். மாமா தொண்டையைச் செருமினார். அந்த நேரத்தில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. இதை நான் மேசையில் வைத்துத்தான் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் ஒரு ஆள் விளையாடிப் பார்த்ததில்லை.

"நீங்க எப்படிப் பிடிப்பீங்க? புடிச்சு விளையாடிக் காட்டுங்க" என்றேன்.

பிடித்தார். வடம் இழுத்துக் காய்த்த கை. என் விரல் இரண்டு சேர்ந்தால்தான் அவருடைய பெருவிரல். விளையாட்டுச் சூடு பிடித்ததும் இடது மூலையை நெரிக்கிற மாதிரி அழுத்தினார். திரை நூந்தது.

அங்கேயே திறந்தேன். நான் கம்பி கொண்டுபோன அதே மூலை. ஒரு வரம்பை மயிரளவு மிச்சம் விட்டிருக்கிறேன். அவர் அழுத்தும்போது அது கம்பியை நசுக்குகிறது. வரம்பைச் சீவினேன். கம்பியை வேறு பக்கத்தால் கொண்டுபோய் மேலே டேப் ஒட்டினேன். அரை மணித்தியாலமும் ஆகவில்லை.

அவர் தன் பலம் முழுவதையும் போட்டு அழுத்திப் பார்த்தார். எரிந்தது.

"அப்ப முதலும் நீங்கள்தான் செய்தனீங்களோ தங்கச்சி?"

"ஓம். எரிஞ்சதும் நான் செஞ்சதுதான், நூந்ததும் நான் செஞ்சதுதான்."

அவர் சிரித்துவிட்டார். மாமாவைத் திரும்பிப் பார்த்து, "நானா, அண்டைக்கு ஆள் மாறிக் கட்டிப்பிடிச்சிட்டன் போல" என்றார். மாமா சார்ஜர் வயர்களை அடுக்கத் தொடங்கினார். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

கடையில் அப்போது சரியாக நாலு பேர் நின்றார்கள். எண்ணிப் பார்த்தேன். ஒருவரும் ஒரு விதமாகவும் கதைக்கவில்லை. ஒருவர் மட்டும் தன் போனை நீட்டி, "இதையும் ஒருக்காப் பாருங்கோ" என்றார்.

ஆகஸ்ட் 2, சனி

ஒரு கிழமையாக ஒன்றும் நடக்காத மாதிரிப் பை வந்தது, போனது. இன்றைக்குப் பையைத் திறக்காமலே மாமாவின் கையில் திருப்பிக் கொடுத்தேன். ஆளைப் பார்க்காமல் இனி ஒரு ஸ்குரூவும் கழட்ட மாட்டேன் என்றேன்.

மாமா தன் அக்காவான உம்மாவிடம் போனார். "ராத்தா, உங்கட மகளுக்குத் தலைக்கனம் புடிச்சிட்டு."

"தலை இரிக்கி, கனமும் இரிக்கும்தானே" என்றார் உம்மா, மீன் கழுவிக்கொண்டே. என் உம்மா!

ஆகஸ்ட் 6, புதன்

பை வரவில்லை. கை அரிக்கிறது. இறங்கிப் போக மாட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

மாமா வாசல் கேற்றடியில் நின்றார். உள்ளே வரவில்லை. இழுவைப் படகுக்காரர் இரண்டு பேர் வந்து "அந்தப் புள்ள இல்லையா" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் சாமானைத் தராமலே போய்விட்டார்களாம். என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். பாவமாக இருந்தது. பாவம் வேறு, நியாயம் வேறு.

கடைசியில், "கதிரைய எங்க போடுற? ஃபேனுக்குக் கீழயா?" என்றார்.

"கவுண்டர்ப் பக்கம். வாற ஆள்ர கை எனக்குத் தெரியணும்."

ஆகஸ்ட் 11, திங்கள்

எட்டு மணி பஸ். மாமா ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டுவிட்டு, சாப்பாட்டுப் பையை என் மடியில் வைத்தார். பழக்கத்தில் திறந்து பார்த்தேன்.

சோற்றுப் பார்சல் இரண்டு. வேறு ஒன்றும் இல்லை.